நாள் பிடித்தவர்கள்

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ கேட்டாய்: "அம்மா, நான் ஒரு நல்ல விசயம் செய்யப்போறன் எண்டு சொன்ன உடனை உங்களுக்கு ஏன் கோபம் வருது?" எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லாமல், அடுப்பில் பருப்பு கிடக்கிறது என்று பொய் சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன். இன்று வெள்ளிக்கிழமை. ஐந்து நாளாக வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அந்தக் கேள்வியோடுதான் பஸ்ஸில் இருக்கிறேன். இன்றும் பதில் இல்லை. கோபம் இருக்கிறது. அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து அதை எழுதுகிறேன்.

நாளைக்கு மெல்பேர்னில் உனக்கும் பவித்ராவுக்கும் எழுத்து. கலியாணம் தை மாதம் இங்கே வெள்ளவத்தையில் என்பதால், நீங்கள் பதிவாளர் முன் கையெழுத்து வைக்கும் நாளுக்கு நானும் அப்பாவும் வரவில்லை. வராததற்குப் பதிலாக நீ எனக்கு ஒரு வேலை தந்திருக்கிறாய். கொட்டாஞ்சேனையில் நாம் வழக்கமாகப் போகும் முதியோர் இல்லத்தில் நாற்பது பேருக்கு உங்கள் இருவர் பெயரிலும் மதியச் சாப்பாடு. உங்கள் விருந்து அங்கே ஆறு மணிக்குத் தொடங்குகிறது. அப்போது இங்கே ஒன்றரை மணி. மண்டபத்தின் பெரிய திரையில் இங்கே பரிமாறுவதை நேரடியாகக் காட்ட வேண்டும். "ஒண்டரை வரைக்கும் கொஞ்சம் ஹோல்ட் பண்ணுங்கோ அம்மா, அவ்வளவுதான்" என்றாய். ஒவ்வொரு பெட்டியிலும் ஒட்டுவதற்கு இளஞ்சிவப்பு இதயத்துக்குள் உங்கள் பெயர்களும், நீயும் நண்பர்களும் தொடங்கிய நிதியத்தின் பெயரும் போட்ட ஸ்டிக்கர். அதை அப்பா காலி வீதியில் அச்சடித்துக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்திருக்கிறார். அதன் பக்கத்தில் இருந்துதான் எழுதுகிறேன்.

இதை உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். ஆனால் நம் ஒழுங்கையில் ஏறக்குறைய ஒவ்வொரு வீடும் எங்காவது ஓர் இல்லத்தில் ஒரு நாள் பிடித்து வைத்திருக்கிறது. அவர்களும் வாசிக்கட்டும். என் பிள்ளையை மட்டும் திட்டினால் அது நியாயம் இல்லை.

நாள் பிடிப்பது: நம் ஆட்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். கலியாண மண்டபத்துக்கு நாள் பிடிப்பதுபோல முதியோர் இல்லத்துக்கும் பிடிக்கிறோம். அப்பாவின் திவசம், அம்மாவின் முப்பத்தோராம் நாள், பிள்ளையின் முதலாவது பிறந்தநாள், சோதனை பாஸ், விசா கிடைத்தது. கொட்டாஞ்சேனை இல்லத்துச் செயலாளர், துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவர், தன் மேசைக்குப் பின்னால் ஆணியில் ஒரு பெரிய கலண்டரைத் தொங்கவிட்டிருக்கிறார். கட்டத்துக்கு ஒரு குடும்பத்தின் பெயர். தை மாதத்தில் ஒரு கட்டத்துக்குள் மூன்று பெயர்கள் நெருக்கியடிக்கின்றன. டிசம்பரில் நத்தார் வாரத்தில் பெயர்கள் கட்டத்தைத் தாண்டி வெளியே வழிகின்றன. அந்த வாரத்தில் காலையில் கேக், பத்து மணிக்குப் பற்றிஸ், மதியம் புரியாணி, மூன்று மணிக்கு ஐஸ்கிறீம். அடுத்த நாள் முழுவதும் வயிற்றோட்டம். அந்த வயிற்றோட்டத்தைக் கழுவுகிறவளுக்குக் கலண்டரில் கட்டம் கிடையாது.

அவளுடைய பெயர் ஜெசிந்தா. நீ அவளைப் பார்த்திருக்கிறாய், உனக்கு ஞாபகம் இருக்காது. கொட்டாஞ்சேனைப் பிள்ளை, முப்பத்தைந்து வயது இருக்கும், படிக்கும் மகள் ஒருத்தி இருக்கிறாள். இல்லத்தின் பின் அறையில் படுக்கையிலேயே கிடக்கும் பதினொரு பேரையும் பகல் முழுவதும் பார்ப்பவள் அவள் ஒருத்திதான். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரையும் ஒரு பக்கத்திலிருந்து மற்றப் பக்கத்துக்குப் புரட்ட வேண்டும். புரட்டாவிட்டால் முதுகில் புண் வரும். ஊட்ட வேண்டும், கழுவ வேண்டும், ஊசி போட வேண்டும். அடுத்த புதன்கிழமை அவள் குவைத்துக்குப் போகிறாள். அங்கே ஒரு வீட்டில் ஒரு கிழவியைப் பார்க்கும் வேலை. அங்கே ஒரு கிழவிக்கு ஓர் ஆள். இங்கே பதினொரு பேருக்கும் அவள் ஒருத்தி. அதற்கு அங்கே கிடைப்பதில் பாதியைக் கொடுத்தால்கூட நிற்கிறேன் என்று அவள் கேட்டாள். இல்லத்துக் குழு பணம் இல்லை என்றது. அவள் போனால் பின் அறையை மூடிவிட்டு அந்தப் பதினொரு பேரையும் 'உறவினர்களிடம் ஒப்படைப்பது' என்று தீர்மானம் எழுதியிருக்கிறார்கள். பிலோமினா அன்ரிக்கு இருக்கும் ஒரே உறவு அக்காவின் மகன், கனடாவில். வருடத்தில் ஒரு நாள் பிடித்திருக்கிறார்.

பிலோமினா அன்ரி யார் என்று சொல்வதற்கு முன் உன் எட்டாவது பிறந்தநாளைச் சொல்ல வேண்டும். அன்றைக்கும் அந்த இல்லத்தில் நாள் பிடித்திருந்தோம். உனக்கு வெள்ளை ஷேர்ட் போட்டு, கையில் கேக் தட்டைத் தந்து, வரிசையாகக் கொடுத்துக்கொண்டு வரச் சொன்னேன். சுவரோரம் இருந்த ஓர் ஐயாவிடம் நீ, "தாத்தா, உங்களுக்குப் பசிக்குதா?" என்று கேட்டாய். அவர் மரியாதையாகச் சிரித்துக்கொண்டு, "இல்ல மகன், காலையில இருந்து இது மூணாவது கேக்" என்றார். நீ தட்டோடு என் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி, "அப்ப ஏனம்மா குடுக்கிறம்?" என்றாய். நான் உன் முழங்கைக்கு மேலே கிள்ளினேன். "உஷ், படம் எடுக்கினம், சிரி" என்றேன். அந்தப் படம் இன்னும் நம் முன் அறையில் மாட்டியிருக்கிறது. நீ சிரிக்கிறாய். கிள்ளிய கை படத்தில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நீ கேட்ட கேள்விக்குப் பக்கத்தில் இந்தக் கேள்வியையும் வைத்துப் பார்க்கிறேன். எட்டு வயதில் நீ சரியான கேள்வியைக் கேட்டாய். உன்னை வாய் மூட வைத்தவள் நான். இருபத்தைந்து வயதில் நீ ஸ்டிக்கர் அடிக்கிறாய் என்றால் அதை உனக்குப் பழக்கியதும் நான்தான்.

இனிச் சொல்லப்போவதை உனக்குச் சொன்னதில்லை. அப்பாவுக்குப் பாதி தெரியும்.

மூன்று வருடத்துக்கு முன் என் அப்பாவின் திவசம் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. லண்டனிலிருந்து உன் மாமா தொலைபேசி எடுத்தார். "பிள்ளையள் எட்டு மணிக்குத்தான் எழும்புவினம், தங்கச்சி. தாத்தாவின்ர பேரில குடுக்கிறதை அவையள் பாக்கோணும். இஞ்ச எட்டெண்டா அங்க ஒண்டரை. அதுவரைக்கும் வைச்சிரு." நான் சரி என்றேன். கேட்க நன்றாகத்தானே இருக்கிறது, பேரப்பிள்ளைகள் பார்ப்பது? பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்க நாங்கள் இல்லத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். நீண்ட மேசைகளின் இரண்டு பக்கமும் போட்டிருந்த நீள வாங்குகளில் அவர்கள் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தார்கள். தட்டுகளில் சோறு போட்டு, மேலே வாழையிலைத் துண்டால் மூடிவைத்தோம். கறி வாசம் அந்த அறை முழுக்க நின்றது. நாற்பது பேர், மூடிய தட்டுகளுக்கு முன்னால், கையை மடியில் வைத்துக்கொண்டு, லண்டனில் இரண்டு பிள்ளைகள் கண் விழிப்பதற்காகக் காத்திருந்தார்கள்.

அதில் ஒருவர்தான் பிலோமினா அன்ரி. ஒரு கப்பல் கம்பெனியில் முப்பது வருடம் டைப்பிஸ்டாக இருந்தவர். "நாலு துரைமாருடைய இங்கிலீசைத் திருத்தினவ நான்" என்பார். நீரிழிவு உண்டு. இல்லத்தில் தினமும் பன்னிரண்டு மணிக்குச் சாப்பாடு என்பதால், ஜெசிந்தா பதினொன்றரைக்கு ஐந்து பேருக்கு இன்சுலின் போட்டிருந்தாள். சாப்பாடு பிந்தும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. நான் சொல்லவில்லை. நான் இரசாயனம் படித்தவள், தம்பி. ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் இரத்தத்தில் என்ன நடக்கும் என்று பரீட்சைத் தாளில் படம் கீறி விளக்கியவள். போத்தலில் 'சுத்தமான நீர்' என்று எழுதியிருந்தாலும் சோதிக்காமல் நம்பக்கூடாது என்பதுதான் இருபது வருடமாக ஆய்வுகூடத்தில் என் தொழில். அன்று ஒன்றையும் சோதிக்கவில்லை.

பன்னிரண்டரைக்கு ஜெசிந்தா வந்தாள். "அக்கா, சாப்பாட்டக் குடுத்துருவோமா? ஊசி போட்டவங்க அஞ்சு பேர் இருக்காங்க." பத்து நிமிடம் என்றேன். ஒரு மணிக்குத் திரும்ப வந்தாள். "அக்கா, பிலோமினா ஆன்ட்டிக்கு வேர்க்குது. கை நடுங்குது." நான் அன்ரியைப் பார்க்கவில்லை. கையில் இருந்த தொலைபேசியைப் பார்த்தேன். "அண்ணா இப்ப எடுத்திடுவார்" என்றேன். ஒன்றரைக்குச் சற்று முன் அன்ரி வாங்கிலிருந்து பக்கவாட்டில் சரிந்து சீமெந்துத் தரையில் விழுந்தார். அந்தச் சத்தம் அடங்குவதற்குள் என் கையில் தொலைபேசி அடித்தது. லண்டன் எழும்பிவிட்டது.

ஜெசிந்தாதான் ஓடிவந்து அவர் தலையை மடியில் வைத்து, கன்னத்துக்குள் சீனியைத் தேய்த்தாள். உயிர் தப்பியது. இடுப்பெலும்பு உடைந்தது; அன்றிலிருந்து பின் அறையில் படுக்கைதான். ஆஸ்பத்திரியில் படிவத்தோடு வந்த ஊழியர் என்னைப் பார்த்து, "ஒயாகே அம்மத?" என்று கேட்டார். உங்கள் அம்மாவா? "நே" என்றேன். "எஹெனம் கவுத?" அப்படியென்றால் யார்? நான் யார் என்று சொல்ல எனக்குச் சிங்களத்திலும் சொல் வரவில்லை, தமிழிலும் வரவில்லை. இன்றைக்கு நாள் பிடித்தவள் என்றா சொல்வது?

இதுவரைக்கும் அப்பாவுக்குத் தெரியும். மீதி இது. இல்லத்துக் குழு விசாரணை வைத்தது. சாப்பாடு வந்ததா என்று பார்க்காமல் ஊசி போட்டது ஏன் என்று ஜெசிந்தாவை நிற்க வைத்துக் கேட்டார்கள். நன்கொடையாளர் என்பதால் எனக்குக் கதிரை தந்தார்கள், தேநீரும் பிஸ்கட்டும் வைத்தார்கள். "சாப்பாடு கொஞ்சம் பிந்தினதோ மெடம்?" என்று தலைவர் கேட்டார். "கொஞ்சம்" என்றேன். அந்த ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டேன். அவள் இரண்டு முறை வந்து கேட்டாள், நான்தான் இரண்டு முறையும் திருப்பி அனுப்பினேன் என்று சொல்லவில்லை. அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். கையெழுத்து வைத்தாள். வெளியே ஓட்டோவுக்கு நின்றபோது என் பக்கத்தில் வந்து, "ரெண்டு தரம் வந்து கேட்டேனே அக்கா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். ஓட்டோ வந்தது, நான் ஏறிவிட்டேன்.

போன மாதம் செயலாளரிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பழைய கதை மெடம், விடுங்க. நீங்க வருசா வருசம் நாள் பிடிக்கிற ஆள்" என்றார். பார்த்தாயா, அந்த நாள் என்னை எப்படிக் காப்பாற்றுகிறது என்று?

அன்றுதான் ஜெசிந்தா போகிறாள் என்று அவர் சொன்னார். சம்பளத்துக்கு வழி இல்லையா என்று கேட்டேன். "சோத்துக்கு ஆள் இருக்கு மெடம், சம்பளத்துக்கு ஆள் இல்ல. சம்பளத்தப் படம் எடுக்க ஏலாதே" என்றார். நான் கலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்தக் காலத்தில் நாற்பது பேருக்குப் புரியாணி கொடுக்கும் செலவு, ஜெசிந்தா கேட்கும் ஒரு மாதச் சம்பளம் அளவுக்கு வரும். அப்படியென்றால் வருடத்தில் பன்னிரண்டே குடும்பங்கள் தங்கள் நாளை விட்டுக்கொடுத்தால் போதும். அந்தப் பன்னிரண்டு நாளும் இல்லத்தில் சோறும் பருப்பும் மீனும் சமைப்பார்கள். யாரும் பட்டினி கிடக்கப் போவதில்லை. இதைவிட எளிய கணக்கு எனக்கு வாழ்க்கையில் கிடைத்ததில்லை.

கலண்டரைப் படம் பிடித்துக்கொண்டு வந்து, தெரிந்த பெயர்களுக்கெல்லாம் அழைத்தேன். கேள்: நம் ஆட்கள் சொன்னதைத்தான் எழுதுகிறேன். "அதெப்பிடி அக்கா, எங்கட அப்பா சோறு போட்டு வளத்தவர், அவரின்ர பேரில சம்பளமோ குடுக்கிறது?" "நாளை விட்டா பிறகு அந்த நாள் கிடைக்காது. பக்கத்து வீட்டுக்காரி வெயிட்டிங் லிஸ்ட்டில நிக்கிறா." "ஆயாவுக்குக் குடுத்தா புண்ணியம் ஆருக்கு வரும்? ஆயாவுக்கோ, எங்களுக்கோ?" இதைக் கேட்டவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியை, பகிடிக்குக் கேட்கவில்லை. லண்டனில் உன் மாமா, "அப்பாவின்ர திவசத்தை ஆயாவின்ர சம்பளமாக்கப் போறியோ? உனக்குப் படிச்ச திமிர்" என்றார். வாங்கிலிருந்து ஒருவர் விழுந்தது யாருக்காக என்று கேட்க வாயெடுத்தேன். கேட்காமல் வைத்துவிட்டேன். நம் நாளை நானே விட்டுக்கொடுத்தேன். வேறு இரண்டு வீடுகள் சம்மதித்தன. மூன்று மாதம். ஜெசிந்தாவிடம் போய்ச் சொன்னேன். அவள் யாருடைய வாயையோ துடைத்துக்கொண்டே, "மூணு மாசத்துக்குப் பொறகு என்னக்கா செய்றது? அதுக்குள்ள விசா போயிருமே" என்றாள். அவள் சொன்னது சரி. மூன்று மாதத்தை நம்பி ஒரு பிள்ளையைப் படிப்பிக்க முடியாது.

இந்த நிலையில்தான் ஞாயிற்றுக்கிழமை நீ எடுத்தாய். நான் கேட்டேன்: இந்தச் சாப்பாட்டை விடு, உன் நிதியம் ஒருத்தியுடைய சம்பளத்தை ஏற்கட்டும். உனக்கு யோசிக்க ஒரு நொடி தேவைப்படவில்லை. "சம்பளத்துக்குக் குடுக்கிறேல்ல அம்மா, அது எங்கட பொலிசி. அது ரன்னிங் கொஸ்ட். ஒருக்காத் தொடங்கினா நிப்பாட்டேலாது. நாங்கள் சமூக முதலீடு செய்யிறம், லாஸ்ட்டிங் இம்பாக்ட் இருக்கோணும்." நான் உன் ஆங்கிலத்தைக் கேலி செய்யவில்லை, அந்தச் சொற்களுக்கு அர்த்தம் உண்டு என்று நானும் நம்புகிறேன். அதனால்தான் கேட்கிறேன். ஒன்றரைக்குத் தொடங்கி இரண்டு மணிக்குக் குப்பைத் தொட்டியில் முடியும் பெட்டி நிலைத்து நிற்பது எப்படி? பதினொரு உடல்களைப் புண் வராமல் வைத்திருக்கும் இரண்டு கை நிலைக்காதது எப்படி? நிறுத்த முடியாது என்கிறாய். நிறுத்த முடியாததற்குத்தானே நீடிப்பது என்று பெயர்? பிறகு நீ அனுப்பிய அறிக்கைப் படிவத்தைப் பார்த்தேன். 'வழங்கிய உணவுகள்', 'பயனாளிகள்', 'புகைப்படங்கள்'. புரட்டிப் படுக்க வைத்த தடவைகள் என்று ஒரு நிரல் இல்லை. வராமல் போன புண் எத்தனை என்று எழுத இடம் இல்லை. வராமல் போனதை எண்ணத் தெரியாத யாரும் சமூகத்தில் முதலீடு செய்வதாகச் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

அப்பா பின்னால் நின்று இதை வாசித்துவிட்டு, "பிள்ளைக்கு வாழ்த்து எழுதச் சொன்னா நீர் தீர்ப்பு எழுதுறீர்" என்கிறார். சரி, வாழ்த்து. நாளைக்கு நீ கையெழுத்து வைக்கப்போவதும் ரன்னிங் கொஸ்ட்தான், தம்பி. ஒருமுறை தொடங்கினால் நிறுத்த முடியாது என்று தெரிந்துதான் இரண்டு சாட்சிகளை வைத்துக்கொண்டு ஒப்பமிடுகிறாய். உன் அப்பா இருபத்தாறு வருடமாக ஒவ்வொரு காலையும் எனக்குத் தேநீர் போடுகிறார். அதை யாரும் படம் எடுத்ததில்லை. அவர் ஒரு நாள் மட்டும் எனக்குப் புரியாணி வாங்கித் தந்து, பெட்டியில் தன் பெயரை ஒட்டி, லண்டனுக்குக் காட்டியிருந்தால் நான் இன்றைக்கு இந்த வீட்டில் இருப்பேனா என்று யோசி. பவித்ராவிடம் நடக்கப்போவதுபோலவே கொட்டாஞ்சேனையிலும் நட. நான் கேட்பது அவ்வளவுதான். பத்து வருடம், ஒருத்தியுடைய சம்பளம், யாருடைய பெயரும் இல்லாமல். அதனால் அந்த இல்லம் சொர்க்கமாகிவிடும் என்று சொல்லவில்லை. பின் அறைக்கு மழைக்கு ஒழுகும் கூரை. குழுவில் இருப்பவர்களும் நம் மாதிரி ஆட்கள்தான். ஆனால் புதன்கிழமை அந்த அறையை மூடமாட்டார்கள்.

நாளைக்கு நான் சாப்பாடு கொண்டுபோவேன், சொன்ன சொல்லுக்காக. ஸ்டிக்கர் ஒட்டமாட்டேன். பன்னிரண்டு மணிக்குத் தட்டு திறக்கும். ஒன்றரைக்கு உன் திரையில் என்ன தெரியுமோ அது தெரியட்டும்.

சனிக்கிழமை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பன்னிரண்டுக்குச் சாப்பாடு போட்டோம். முக்கால் மணித்தியாலத்தில் முடிந்தது. மேசைகளைத் துடைத்துவிட்டு நான் முன் வாங்கில் தனியாக இருந்தபோது சரியாக ஒன்றரைக்கு நீ எடுத்தாய். கோட்டும் டையும் உனக்கு நன்றாக இருந்தன. பவித்ரா கையசைத்தாள். "அம்மா, எங்க எல்லாரும்?" என்றாய். சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கிறார்கள் என்றேன். நீ குரலைத் தாழ்த்தி, "அம்மா, இஞ்ச அறுபது பேர் ஸ்கிறீனைப் பாத்துக்கொண்டு நிக்கினம். என்னை ஏன் இப்பிடி வெட்கப்படுத்துறீங்கள்?" என்றாய். எனக்குத் தலைக்கு ஏறியது. "பாக்கோணுமோ? அப்ப இதைப் பார்" என்று தொலைபேசியை நீட்டிப் பிடித்தபடி பின் அறைக்குள் நடந்தேன். அங்கே ஜெசிந்தா பிலோமினா அன்ரியைப் புரட்டிக் கழுவிக்கொண்டிருந்தாள். அன்ரியின் முதுகில் துணி இல்லை.

அன்ரிக்குக் கண் மங்கல், ஆனால் தொலைபேசியின் வெளிச்சம் தெரிந்துவிட்டது. "யாரது? மூடு அத" என்றார். நான்தான் அன்ரி என்றேன். "ஒன் சண்டைக்கு என்னத் தூக்கிக் காட்டாத, மகள். அவன் படம் கேட்டான். நீ என்ன செய்ற? நீயும் படந்தானே காட்டுற?" ஜெசிந்தா ஒரு கையால் அவரைத் தாங்கியபடி மற்றக் கையால் போர்வையை இழுத்து மூடினாள். என்னைப் பார்க்கவில்லை. நான் தொலைபேசியைக் கவிழ்த்து அணைத்தேன். மூன்று வருடத்துக்கு முன் அவரை விழ வைத்த அதே கை, அதே தொலைபேசி, அதே ஒன்றரை மணி.

மன்னிப்புக் கேட்டேன். "சரி, இரு. பேப்பர் கொண்டு வந்தியா?" என்றார். அவர் விழுந்த பிறகு, சனிக்கிழமைகளில் ஆங்கிலப் பத்திரிகையின் குறுக்கெழுத்தை நான் வாசிக்க அவர் விடை சொல்வது வழக்கம். அதற்கு முன் இந்தக் கடிதத்தில் அவரைப் பற்றி எழுதியதை முழுவதும் வாசித்துக் காட்டினேன், சற்று முன் நடந்ததையும் சேர்க்கலாமா என்று கேட்டேன். "எழுது, ஆனா எம் பேர மாத்து. பிலோமினான்னு போடு. கப்பல் கம்பெனியில எனக்குப் புடிக்காத ஒருத்தி" என்றார். அதனால்தான் அந்தப் பெயர். ஜெசிந்தாவிடமும் கேட்டேன். "எம் பேர் அப்பிடியே இருக்கட்டும் அக்கா" என்றாள்.

ஐந்து மணிக்கு உன் செய்தி வந்தது. கோபமாக இருக்கும் என்று நினைத்தேன். "அந்த அக்காவின்ர நம்பரைக் கேட்டுப் போட்டு அனுப்புங்கோ" என்று மட்டும் இருந்தது. 'கேட்டுப் போட்டு', அவளைக் கேட்ட பிறகுதான் என்று நீ எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். அவளிடம் கேட்டேன், அனுப்பினேன்.

ஏழு மணிக்கு ஜெசிந்தா எடுத்தாள். "அக்கா, ஒங்க மகன் கதைச்சாரு. ஆன்ட்டிகிட்ட மன்னிப்புச் சொல்லச் சொன்னாரு. நான் சம்பளம் எவ்வளவு கேக்கிறேன்னு கேப்பாருன்னு பாத்தேன், கேக்கல. ஒரு நாளைக்கு எத்தன தரம் பொரட்டுறீங்கன்னு கேட்டாரு. பொறகு, ஒரு ஆள எப்பிடிப் பொரட்டுறதுன்னு கேட்டாரு. அரை மணித்தியாலம் சொல்லிக்கிட்டு இருந்தேன்."

போகிறாயா, நிற்கிறாயா என்று கேட்டேன்.

"தெரியாதக்கா. திங்கக்கிழம திரும்ப எடுக்கிறதாச் சொன்னாரு" என்றாள். "பெட்டி கட்டினபடி இருக்கு."